ராஜநாகமும் மூன்று வாரத்துப் புருஷனும்

தன்னால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது எந்த மனிதனுக்கும் சரியாகத் தெரியாது. தெரிய வருகிற அன்று, பார்த்துச் சாட்சி சொல்லப் பெரும்பாலும் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. என் விஷயத்தில் ஆள் இருந்தாள். நான் விட்டுவிட்டு ஓடியதே அவளைத்தான்.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். (நீங்கள் சிரித்தால் தடுக்க மாட்டேன். என் வீட்டில் இருபத்தைந்து வருஷமாகத் தடுத்துப் பார்த்துத் தோற்றவன் நான்.)

எழுபதுகளின் நடுவில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. நெல் தெரியும், நிலக்கடலை தெரியும். ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஆனால் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் கையில் ஒரு பிரம்பும் சேர்ந்துவிட்டால் அறிவு தானாக வந்துவிடும் என்று அந்த வயதில் நம்பினேன். தோட்டத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பன் காலத்தில் மலையேறி வந்த கிறிஸ்தவர்கள். அவர்களுக்குக் கங்காணி தங்கையா. ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு. நான் சொல்வதையெல்லாம் "ஆகட்டும் சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு போய், எது சரியோ அதைச் செய்வார். அந்தத் தோட்டம் பிழைத்தது அதனால்தான்.

நாலு மாதத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் எங்கள் பக்கத்து ஊர், பெயர் சரஸ்வதி. என் தோளுக்குக்கூட எட்டாத உயரம். அதிகம் பேசமாட்டாள். கம்பத்தில் ஜீப் ஏறி மலைப்பாதையில் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, அங்க பாம்பு இருக்குமுங்களா?"

நான் சிரித்தேன். ஒரு மாதிரி மேலுதட்டால் சிரித்தேன். "இருந்தா என்ன? நான் நம்மூருல வாலப் புடிச்சுச் சொழட்டி வீசியிருக்கறன்" என்றேன். வீசியது உண்மை. அது சாரைப்பாம்பு என்பதையும், நான் வாலைப் பிடிக்கும்போது அது செத்து அரைநாள் ஆகியிருந்தது என்பதையும் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

அவள் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. சித்திரை மாதம், மழைக்கு முந்தைய புழுக்கம். ஆட்களெல்லாம் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். என் ராஜ்ஜியத்தை மனைவிக்குச் சுற்றிக் காட்ட இதைவிட நல்ல நாள் ஏது? எலுமிச்சம்பழச் சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் கூட வந்தாள்.

ஏலத்தோட்டத்தில் கோடைக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மரங்களிலிருந்து விழுந்த சருகை வாரி, செடிகளின் தூரில் மெத்தை மாதிரி பரப்பிவிட வேண்டும். ஈரம் காயாமல் இருக்கும். இந்த ஒரு வேலையைத்தான் நான் முழுதாகக் கற்றிருந்தேன். ஆகவே அதில் கண்டிப்பு அதிகம். சருகு எங்காவது பரப்பாமல் குவிந்து கிடந்தால் எனக்குத் தாங்காது.

அப்படியொரு குவியலை முந்தின வெள்ளிக்கிழமை நான் கண்டுபிடித்திருந்தேன். கிழக்குச் சரிவில், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மூங்கில் புதருக்கு அடியில். அதற்குப் பத்தடி முன்னால் வழியின் குறுக்கே இரண்டு ஏலத்தட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி வைத்து நாரால் கட்டிப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் வேலை பாதியில் நின்றால், எதுவரை முடிந்தது என்று தெரிய செடி நிரையின் குறுக்கே ஒரு தட்டையைப் போட்டுவிட்டுப் போவது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒரு தட்டை என்றால் ஒரு ஆள் வேலை பாக்கி. இரண்டு தட்டை என்றால்? நான் மூளையைக் கசக்கி, "இரண்டு பேர் வேலை பாக்கி" என்று நோட்டில் எழுதிக்கொண்டு, தட்டைகளைக் காலால் எத்திப் பள்ளத்தில் தள்ளினேன். தங்கையாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சூப்பர்வைசர் கங்காணியிடம் சந்தேகம் கேட்பதா?

இப்போது அதே குவியலுக்கு முன்னால் மனைவியை நிறுத்தினேன்.

"பாத்தியா இவங்க வேலைய? பரப்பச் சொன்னா குமிச்சு வச்சிருக்கறாங்க. நான் ஒருத்தன் இல்லீனா இந்தத் தோட்டம் என்னாகறது?"

குவியல் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். அவ்வளவு நேர்த்தியாக, கோபுரம் மாதிரி, இறுக்கமாக அடுக்கியிருந்தது. இவ்வளவு ஒழுங்காக எங்கள் ஆட்கள் எதையும் செய்ததில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் பிரம்பை உள்ளே விட்டுச் சருகைக் கிளறினேன்.

'உர்ர்' என்று ஓர் உறுமல் கேட்டது.

ஏலக்காயை உலை மூட்டி உலர்த்தும் கொட்டகையில் மணி என்றொரு நாய் உண்டு. எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, திரும்பாமலே "ச்சூ! மணி, போ அப்பால!" என்றேன்.

மணி எழுந்து நின்றது. மணிக்குக் கால்கள் இல்லை.

குவியலுக்கு மறுபுறமிருந்து எழும்பிய அந்த உருவம் எழுந்துகொண்டே இருந்தது. கருத்த உடம்பு, மங்கலான மஞ்சள் பட்டைகள், குறுகலான நீண்ட படம். நல்லபாம்பு படமெடுத்தால் முழங்காலைப் பார்க்கும். இது சரஸ்வதியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது. எழும்பாத மிச்ச உடம்பு இன்னும் எட்டடி தரையில் கிடந்தது. சீறவில்லை. உறுமியது. பாம்பு உறுமும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்து நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. என் மனசு எதையாவது தீர்மானிப்பதற்குள் கால்கள் தீர்மானித்துவிட்டன. பிரம்பு போயிற்று, தொப்பி போயிற்று, ஒரு செருப்பு போயிற்று. ஏலச்செடிகளை நான் தாண்டவில்லை, ஊடுருவினேன். ஏறும்போது முக்கால் மணி நேரமான வழி, இறங்கும்போது எத்தனை நிமிஷமென்று தெரியாது. கோயில் முடிந்து வெள்ளைச் சேலையும் வேட்டியுமாக வந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் போய் விழுந்தேன்.

தங்கையாதான் தூக்கி நிறுத்தினார். "என்ன சார்? என்னாச்சு?"

"பா... பா..."

"பாம்பா? எங்க வச்சு?"

"கெழக்குச் சரிவு... சருகுக் குமி..."

அவர் முகம் மாறியது. "அங்க எதுக்குப் போனீய? ஒருத்தரும் போவக்கூடாதுன்னுல்லா ரெண்டு தட்டைய குறுக்கக் கெட்டிப் போட்டிருந்தேன்?"

"அத நான்தான் எடுத்து வீசிட்டேன்."

கூட்டத்திலிருந்து தங்கையாவின் மனைவி எஸ்தர் கேட்டாள்:

"அம்மா எங்க சார்?"

"எந்த அம்மா?" என்றேன்.

"ஒங்க வீட்டம்மா சார்."

எனக்குக் கல்யாணமாகி மூன்று வாரமாகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி ஏறிய அந்த வழியைப் பற்றி வேடிக்கையாக எழுத இன்றைக்கும் எனக்கு வரவில்லை. தங்கையா முன்னால் நடந்தார், நான் ஒற்றைச் செருப்போடு பின்னால். மற்ற யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அவசரப்படவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"அது ராசநாகம் சார். மலையாளத்துல ராஜவெம்பாலாம்பாவ. ஒலகத்துல வெசமுள்ள பாம்புல இதவிட நீளம் ஒண்ணு கெடையாதாம். மத்தப் பாம்பெல்லாம் இதுக்குத் தீனி."

"கடிச்சா..."

"ஆனையே சாயும்."

"ஜீப்ப எடுத்து ஆஸ்பத்திரிக்கு..."

"இதுக்கு ஊசி கெடையாது சார். ஜீப்பு தேவப்படாது."

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். "அது குமி இல்ல சார், கூடு. இந்த ஒரு பாம்புதான் கூடு கெட்டும். ஒடம்பால சருக இழுத்து இழுத்துச் சேக்கும். முட்டையிட்டு ரெண்டு மாசம் மேலயே கெடக்கும். எரை எடுக்காது, எடத்த விட்டு அசையாது. குஞ்சு பொரிக்கதுக்கு முன்ன அதாவே எறங்கிப் போயிரும். அதுவரைக்கும் நாங்க அந்தப் பக்கம் போவ மாட்டோம். சொன்னா தோட்டத்துத் தொரை துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துருவாருன்னு ஒங்கட்ட சொல்லல. எங்க தப்புதான்."

தப்பு அவருடையதாம்! இன்னும் பொரியாத முட்டைகளுக்காக ஒரு பாம்பு இரண்டு மாதம் பட்டினி கிடந்து காவல் இருக்கிறது. தாலி கட்டியவளுக்காக நான் பத்து விநாடி நிற்கவில்லை. அந்த ஏற்றத்தில் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கும்பிட்டேன். தங்கையாவின் சாமியையும் விடவில்லை.

சரஸ்வதி இருந்தாள். கூட்டிலிருந்து முப்பதடி இப்பால், ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப்போசி. மூடிகூடத் திறக்கவில்லை. பக்கத்தில் என் ஒற்றைச் செருப்பு.

"ஓடறதுக்கு எனக்குந்தான் ஆசை. காலு வரல" என்று தங்கையாவைப் பார்த்துச் சொன்னாள், என்னை அல்ல. அவள் அசையாமல் நின்றதால் அது நெடுநேரம் பார்த்துவிட்டு, மெல்லத் தாழ்ந்து, குவியலின் மேல் சுருண்டுகொண்டதாம். பிறகு முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து வந்திருக்கிறாள். வரும் வழியில் செருப்பையும் எடுத்துக்கொண்டாளாம்.

தங்கையா இரண்டு தட்டைகளை ஒடித்துப் பழைய இடத்திலேயே குறுக்காகக் கட்டினார். அந்த நாரை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். சூப்பர்வைசராக அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சமைத்தாள், போட்டாள், கழுவினாள். மூன்றாம் நாள் ஓர் இன்லண்ட் கடிதத்தை ஒட்டி என் கையில் தந்தாள். அவள் அண்ணன் செல்லமுத்துவின் விலாசம். உள்ளே என்ன இருக்கும் என்பதற்குப் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியமில்லை. செல்லமுத்து மச்சான் காளையைக் கொம்பைப் பிடித்து உட்காரவைப்பவர். வந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவார். போகுமுன் என்னை என்ன செய்வார் என்பது அவர் மனசைப் பொறுத்தது. வண்டன்மேடு போகும் வழியில் பள்ளங்கள் நிறைய. ஒரு காகிதம் பறந்து விழுந்தால் யாருக்குத் தெரியும்? தபால் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு போட்டேன்.

எட்டாம் நாள் மச்சான் வந்து இறங்கினார். பொள்ளாச்சியில் ஒரு பஸ், தேனியில் ஒரு பஸ், கம்பத்தில் ஒரு ஜீப் என்று மாறி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. செம்புத் தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்ன அம்மிணி, ஒடனே வாங்கண்ணான்னு ஒரே வரி எழுதியிருக்கறே?"

அவள் பாம்பைச் சொன்னாள். உயரத்தைச் சொன்னாள், உறுமலைச் சொன்னாள். மச்சானின் மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"அப்ப மாப்ள எங்கிருந்தாரு?"

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். தப்பி ஓட வேண்டுமானால் ஒரே வாசல்தான், அதை மச்சான் அடைத்துக்கொண்டு நின்றார்.

"இவரு ஆளக் கூட்டியார ஓடுனாருங்ண்ணா" என்றாள் சரஸ்வதி.

"தனியா உட்டுப்போட்டா?"

"செருப்பக்கூட எடுக்காம ஓடுனாருங்ண்ணா. கங்காணியக் கூட்டிட்டு அதே ஓட்டமா மேல வந்தாருங்ண்ணா. இல்லீனா நான் இன்னேரம் இல்ல."

மச்சான் என்னையே பார்த்தார். பிறகு கிட்டே வந்து என் தோளில் கை வைத்தார். கனமான கை. "மாப்ள" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவரை ஜீப் ஏற்றிவிட்டு வந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

ஒன்பது நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள். "எழுதறப்ப போயிரலாம்னுதான் எழுதுனனுங்க. நீங்க அதக் கிழிச்சுப் போட்டுருவீங்கன்னு நெனச்சேன். அண்ணன் வந்து நின்னப்பறந்தான், போட்டுட்டீங்கன்னு தெரிஞ்சுது. சேரி, இந்த மனுசன் எல்லாத்துக்கும் ஓடறவரில்லன்னு இருந்துட்டனுங்க."

(அன்று தபால் பெட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் தங்கையா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.)

மச்சான் ஊர் போய்ச் சும்மா இருக்கவில்லை. பெண்டாட்டி உயிரைக் காப்பாற்ற வெறுங்காலோடு மலையிறங்கி மலையேறிய மாப்பிள்ளை என்று கொழிஞ்சாம்பாறை சந்தை வரைக்கும் சொல்லிவைத்தார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் பெரியவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் நிலைமை வேறு. சரஸ்வதி இரண்டு மகள்களுக்கும் உண்மையை ஊட்டி வளர்த்துவிட்டாள். பாத்திரம் கழுவும் நேரம், விருந்தாளி வரும் நேரம், ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறச் சொல்லும் நேரம் என எப்போது நான் மெதுவாக எழுந்தாலும் ஒரு குரல் வரும்: "அப்பா ஆள் கூட்டிட்டு வரப் போறாரு."

போன வருஷம் மூத்தவளுக்குக் கல்யாணம். வழியனுப்பும்போது சரஸ்வதி மாப்பிள்ளையைத் தனியாக அழைத்தாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். செல்லமுத்து மச்சான் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தயாராக வைத்திருந்தார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணுதானுங்க. என்ன ஆபத்து வந்தாலும், ஆளக் கூட்டியாரப் போறதுன்னா ரெண்டு பேருமாச் சேந்து போங்க."

மாப்பிள்ளை பயபக்தியோடு தலையாட்டினார். பெரியவர்கள், "என்ன ஒரு வார்த்தை!" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணப் பெண்ணும் அவள் தங்கையும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கினார்கள். பிரிவுத் துயரம் தாங்காமல் அழுகிறார்கள் என்று பக்கத்திலிருந்த பாட்டிமார் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

நான் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அங்கிருந்து நழுவினேன்.