விரலைக் குத்தினால் நீ

அன்புள்ள தம்பி சுருட்டைக்கு,

அக்கா ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், ஆனால் அந்த ‘நான்’ யார் என்பதில்தான் கொஞ்சம் தகராறு இருக்கிறது. அடுத்த வாரம் என்னைப் பார்க்க வருவதாக உன் மாமாவிடம் சொன்னாயாம். தயவுசெய்து வராதே. காரணத்தைப் போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும். கடையில் ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் காஜா தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி விரலில் குத்தியது. தையல்காரிக்கு இதெல்லாம் ஒரு காயமா? வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் தீர்ந்தது. அன்றைக்கு ரத்தம் நிற்கவே இல்லை. சட்டை போச்சு, மேஜை விரிப்பு போச்சு, சட்டைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே மயங்கி விழுந்தார். டாக்டரம்மாதான் விளக்கினார்: எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் தயாரிக்கிற பட்டறை. அங்கே பிறக்கிற சிவப்பணு காற்றைச் சுமக்கும், வெள்ளையணு காவல் காக்கும், தட்டணு ஓட்டை விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் அடைக்கும். அதன்மேல் நூல் மாதிரி ஒரு புரதம் வலை பின்னி இறுக்கும். முதலில் ஓட்டுத் தையல், அப்புறம் கெட்டித் தையல் என்று நான் புரிந்துகொண்டேன். என் பட்டறையோ மூடிக் கிடக்கிறதாம். மூடியது யார் தெரியுமா? என்னுடைய வெள்ளையணுக்களேதான்! காவலுக்கு நின்ற ஆட்களே உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். மருந்து கொடுத்து அந்த ரவுடிகளை ஒழித்துவிட்டு, உன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து எனக்கு ஏற்றினார்கள். பிழைத்தேன். அதில் மறுபேச்சே இல்லை.

வினை அதற்கப்புறம்தான். முதலில் ரத்த வகை மாறியது. பிறந்ததிலிருந்து எனக்கு இருந்த வகை போய் உன் வகை வந்துவிட்டது. அடுத்தது, லேப்பில் ஒரு பெண் என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த சார் எங்கேம்மா, டாய்லெட் போயிருக்காரா?” என்று கேட்டாள். ரத்தத்தைப் பார்த்தால் ஆண்பிள்ளை என்று காட்டுகிறதாம். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்தால் நான். விரலைக் குத்திப் பார்த்தால் நீ. தடுப்பூசிகளெல்லாம் அழிந்துபோய்விட்டன, மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும் என்று பச்சைக் குழந்தைகள் வரிசையில் உட்காரவைத்தார்கள். “குழந்தையைக் காணோமே?” என்றார் நர்ஸ். “நான்தாங்க” என்றேன். பக்கத்து மடியிலிருந்த ஒரு பயல் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதான். முட்டை தின்றால் உதடு வீங்குவது உன் வியாதி. இப்போது எனக்கு வீங்குகிறது. கொட்டிப்போன தலைமுடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. மருந்தின் விளைவு, எல்லோருக்கும் அப்படி வரலாம் என்கிறார் டாக்டரம்மா. அவருக்கென்ன, கண்ணாடியைப் பார்க்கிறவள் நானல்லவா?

இத்தோடு விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். திடீரென்று உள்ளங்கையெல்லாம் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. “உங்க தம்பியோட காவலாளிங்க, வீட்டுக்காரியையே திருடின்னு நினைச்சு அடிக்கிறாங்க” என்றார் டாக்டரம்மா. அவர்களைத் தூங்கவைக்க மாத்திரை கொடுத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. வந்த இடம் புதுசு, பாவம், மிரளுகிறார்கள், பழகிய வாசனை இருந்தால் அடங்குவார்கள் என்று என் புத்திக்குப் பட்டது. உன் அளவுதான் எனக்கு மனப்பாடமாயிற்றே! கட்டம் போட்ட துணியில், நீ போடுகிற மாதிரியே இடது பக்கம் பெரிய பையோடு, ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. அன்றைக்கு அரிப்பு நின்றது.

சட்டையோடு மிஷினில் உட்கார்ந்திருந்தேன். வேலையிலிருந்து வந்த உன் மாமா வாசலில் நின்று, என் முதுகைப் பார்த்து, “அட, மச்சான்! எப்ப வந்தீங்க?” என்றார். நான் திரும்பக்கூட இல்லை. “இப்பதான் மாமா” என்று பதில் வந்தது. என் வாயிலிருந்துதான் வந்தது, தம்பி, ஆனால் நான் சொல்லவில்லை. மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமலே சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தார். “நீதானே?” என்று கேட்டார். கட்டின மனுஷன் கேட்கிற கேள்வியா அது? ஆமாம் என்று சொல்ல எனக்கு ஏன் அத்தனை நேரம் பிடித்தது? அன்றிலிருந்து என்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒருதரம் முகத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், வராதே. நீ எதிரில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். எனக்கு என் உடம்பு வேண்டும். நான் ஒருத்தியாக இருந்து பழகியவள். உன் ஆட்களை எப்படியாவது திருப்பி எடுத்துக்கொள்ள வழியிருக்கிறதா என்று உங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டு எழுது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளை நான் கட்டிக்கொண்டதாகச் சொல். நோய்நொடியில்லாமல் நூறாண்டு இரு. அதில் இப்போது எனக்கும் சுயநலம் உண்டு.

இப்படிக்கு,
உன் அக்கா (பெரும்பாலும்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா போன் செய்துவிட்டார். கடைசியாக எடுத்த ரத்தத்தில் உன் ஆட்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்களாம். என் பழைய ஆட்கள் எங்கேயோ ஒளிந்திருந்து திரும்பி வருகிறார்களாம். “அப்ப நான் மறுபடியும் நானாயிடுவேனா டாக்டர்?” என்று ஆசையாகக் கேட்டேன். “பட்டறைய நொறுக்கினது அவங்கதாம்மா” என்றார். உன்னிடமிருந்து மறுபடியும் எடுத்து ஏற்ற வேண்டுமாம், அதுவும் சீக்கிரம். போனை வைத்ததும் உடம்புக்குள் காது கொடுத்துக் கேட்டேன். சொல்லாமல்கொள்ளாமல் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற மாதிரி இருக்கிறது. மேலே எழுதியதில் ஒரு வரியையும் மனசில் எடுத்துக்கொள்ளாதே. உனக்குப் போன் செய்தேன், குரலைக் கேட்டதும், திட்டி எழுதிய வெட்கத்தில் வைத்துவிட்டேன். உன் மாமா இதை எடுத்துக்கொண்டு இப்போதே பஸ் ஏறுகிறார். அவரோடு கிளம்பி வந்துவிடு. பயமாயிருக்குடா, உள்ளே நான் மட்டும்தான் இருக்கேன்.