நாப்கின் பீரோ இடம் மாறிய விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாமாவும் பாப்பாவும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன். ‘குரல் ஏன்டா ஒரு மாதிரி இருக்கு?’ என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் சொல்லவில்லை.

பேக்கிங் பெண்களுக்கு இனி கம்பெனியே இலவசமாக நாப்கின் தரும், ஸ்டோர்கீப்பரான என் பொறுப்பு என்று மேனேஜர் சொன்னார். நானும் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் ஒரு பீரோவில் அடுக்கிப் பூட்டி, ‘நாப்கின் தேவைப்படுவோர் ஸ்டோர்கீப்பரை நேரில் அணுகவும்’ என்று மைக்கில் அறிவித்தேன், அதுவும் தெளிவுக்காக இரண்டு முறை. ஒரு ஈ காக்கா வரவில்லை. யாருக்கும் தேவையில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பேக்கிங் சூப்பர்வைசரம்மா வந்து நின்றாள். “புதுசா சேந்த பொண்ணு வேலைய விட்டுட்டுப் போறா.”

“ஏன், சம்பளம் பத்தலையா?”

“மாத்த ஒண்ணுமில்லாம ஒரே துணியோட நாள் பூரா நின்னு தொடையெல்லாம் புண்ணு. உங்ககிட்ட வந்து கேக்க வாய் வரல.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!”

“உங்களுக்கு மூலம் வந்தப்ப மைக்குல சொல்லிட்டா மருந்து வாங்குனீங்க?”

அது இவளுக்கு எப்படித் தெரியும்? அதை விடு. பொண்ணு முகம் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு. அன்னிக்கே பீரோவைப் பெண்கள் கழிப்பறைக்கு இழுத்துக்கிட்டுப் போனேன், அது வாசல்ல மாட்டிக்கிச்சு, நான் உள்ள, பீரோ நடுவுல, சாப்பாட்டு நேரம் வந்து மொத்த பேக்கிங்கும் வெளியே. மெக்கானிக் வந்து நிலையிலிருந்து கதவைக் கழட்டுற வரைக்கும் சும்மா நிக்க முடியுமா, சுத்திப் பாத்தேன்: ஒரு கதவுல தாழ்ப்பாள் கழண்டு தொங்குது, குழாய்ல தண்ணி இல்ல, போட ஒரு குப்பைத்தொட்டி இல்ல. பையில ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு, தாழ்ப்பாளை மாட்டிட்டேன். மத்ததெல்லாம் மேனேஜர்கிட்டச் சொல்லி அந்த வாரமே வர வெச்சுட்டேன். பீரோவுக்கு இப்போ பூட்டும் போடுறதில்ல. சூப்பர்வைசரம்மா போய்ச் சொல்ல, அந்தப் பொண்ணும் திரும்பி வந்துட்டா.

அதோட விட்டாங்களா? ஒரு நர்ஸம்மா வந்து மாதவிடாய் பத்திப் பேசினாங்க, ஆம்பளைங்களும் உக்காரணும்னு மேனேஜர் உத்தரவு. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்தணும், இது நோயில்ல, கூச்சப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, “பொறுப்பாளர் வந்து எப்படி வைக்கணும்னு காட்டுங்க”ன்னு ஒரு நாப்கினையும் உள்ளாடை மாதிரி வெட்டுன துணியையும் நீட்டினாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டுது. ஒட்டுற பக்கத்தை மேல பாக்க வெச்சுட்டேன். சபையே சிரிக்குது. அந்தப் பொண்ணு, வாயே திறக்காதவ, எழுந்து வந்து, “பசை கீழ வரணும்ணே”ன்னு எல்லார் முன்னாடியும் திருப்பி ஒட்டிக் காட்டினா.

இப்போ கேட் வாட்ச்மேன் வரைக்கும் என்னை ‘நாப்கின் அண்ணே’ன்னுதான் கூப்பிடுறான். மானம் கப்பலேறிடுச்சு. மாமாகிட்டச் சொல்லி அவர் கம்பெனியிலே ஒரு வேலை பாரு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும் பாப்பாவுக்கு ஒரு முத்தத்தையும் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டடத்துப் பெண்களுக்கும் பீரோ வைக்கணும், யார் பார்க்கிறீர்கள் என்றார். ஒரு கை மேலே போனது. பார்த்தால் என் கை. மாமாவிடம் ஒன்றும் சொல்லாதே. பாப்பா பள்ளிக்கூடத்தில் பீரோ எங்கே வைத்திருக்கிறார்கள், பூட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது.