கரடியனாற்றுத் தயிரும் நாலு கேள்வியும்

“வந்திட்டார்கா மகள்! மாப்பிள்ளை இன்டர்நெட்டில வந்திட்டார்!” என்று கூவிக்கொண்டே படலையைத் திறந்தார் கலியாணத் தரகர் தங்கராசா.

உசாந்தி டீச்சருக்குப் பகீர் என்றது. போன மாதம் இதே மனிதர், “கரடியனாத்தில தெய்வமணி எண்டு ஒரு ஆள். எருமை வச்சுத் தயிர் விக்கிறார். தங்கமான மனிசன்” என்று ஆரம்பித்தபோது, தட்டிக்கழிக்க அவள்தான் ஒரு சாட்டுச் சொன்னாள். “ஆளை இன்டர்நெட்டில தேடினா வருவாரா மாமா? வந்தா யோசிப்பம்.” எருமைக்காரர் எந்தக் காலத்தில் இன்டர்நெட்டில் வரப்போகிறார் என்ற தைரியம்! இப்போது தங்கராசா நீட்டிய துண்டில் ஒரு இணைய முகவரி இருந்தது.

“சொன்னா சொன்னதுதானே மகள்?” என்றாள் அம்மா கண்ணகை, ஆசையை மறைக்கத் தெரியாமல்.

“யோசிக்கிறன் எண்டுதான் சொன்னன். ஓம் எண்டு சொல்லல்ல.”

உசாந்தி வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்பியூட்டர் படிப்பிக்கிறாள். சண்டை முடிந்த மறு வருடம் ஏதோ ஒரு நிறுவனம் நாலைந்து கம்பியூட்டரையும் ஒரு இன்டர்நெட் டொங்கிளையும் அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தது. எந்த இணையத்தளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் அவளுடைய பிரதான பாடம். அதற்கு நாலு கேள்வி வைத்திருந்தாள். யார் எழுதியது? எப்போது எழுதியது? எழுதியதால் அவருக்கு என்ன லாபம்? வேறு யார் சாட்சி?

கடைசிக் கேள்வியில் அவள் மகா கண்டிப்பு. காரணம் இருந்தது. சுனாமிக்கு அடுத்த கிழமை, உயிர் தப்பியவர்கள் என்று ஒரு தளத்தில் போட்டிருந்த பெயர்களில், கடலோடு காணாமற்போன அவளுடைய தம்பியின் பெயரும் இருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு அடுத்த மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டிலில் கிடந்தது அதே பெயரில் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. தாங்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்குத் திரும்பியவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. கடைசியில் வாவிக்கு அக்கரையிலிருந்து வந்த யாரோ நீட்டிய சோற்றையும் தயிரையும்தான் குனிந்த தலை நிமிராமல் விழுங்கினாள். அன்றோடு, சாட்சி இல்லாமல் எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தாள். எதையும் என்றால் மனிதர்களையும் சேர்த்துத்தான்.

மறுநாள் வகுப்பில் விசைப்பலகை சீனிப்பாகுபோலப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

“ஆரு இதில பாணி ஊத்தினது?”

பிள்ளைகள் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்கள். சரி, போகட்டும் என்று தெய்வமணியின் பக்கத்தைத் திரையில் போட்டாள். தனக்கு வந்த சம்பந்தம் என்று சொல்வாளா? ‘ஒரு தயிர்க்காரரின் பக்கம்’ என்று மட்டும் சொன்னாள்.

பக்கமா அது! உச்சியில் பனிமலையடியில் நிற்கும் அமெரிக்கக் காட்டெருமை. அதன் கீழே ‘1948 முதல் உங்கள் சேவையில்’. ஆளுக்கே முப்பத்தாறு வயதுதான்! கிளைகள்: லண்டன், பாரிஸ், கரடியனாறு. ‘இந்தத் தயிரால் என் மூட்டுவலி பறந்தது’ என்று அமெரிக்காவிலிருந்து மிஸிஸ் ரொபேட். எல்லாவற்றுக்கும் அடியில் சின்னதாக ஒரு வரி: ‘சுனாமி நேரம் முகாமுக்குத் தயிர் கொண்டு போனோம்.’

உசாந்தி பக்கத்தை அச்செடுத்து அந்த வரியைச் சிவப்பால் வட்டமிட்டாள். “சுனாமிக்கு உதவி செய்தோம் எண்டு பலகை நடாத ஆள் இந்த மாவட்டத்தில இரிக்கா? சாட்சி ஆர்?”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாயாடி நிரோசன்கூட மேசையைப் பார்த்தான்.

“பயப்படாமச் சொல்லுங்க. நம்பலாமா?”

“நம்ப ஏலா டீச்சர்,” என்றாள் ஆர்த்திகா.

“ஏன்?”

“எழுதினவங்களுக்கு ஒண்டுமே தெரியா டீச்சர்.”

“கெட்டிக்காரி! எழுதினதால அவங்களுக்கு என்ன லாபம்?”

“தயிர், டீச்சர்,” என்றான் நிரோசன். பின்வாங்கில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அன்று பின்னேரமே வீட்டில் தீர்ப்பு வாசித்தாள். “தயிர்க்காரர் பொய்க்காரர். வேணாம்.”

கண்ணகை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒருக்காப் பேசிப் பாத்திட்டு வேணாமெண்டு சொல்லன். எனக்குப் பிறகு உனக்கு ஆர் மகள்?”

இந்தக் கேள்விக்கு அவளுடைய நாலு கேள்வியும் உதவவில்லை. தெரியாத தளத்தில் கிடக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்காதே என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவளே அழைத்தாள். எடுத்தது ஏறாவூரில் சட்டை தைக்கிற ஸகியா.

“தயிரா? அல்லாஹ்வே! விடிஞ்சா பொழுதுபட்டா இதே கேள்விதான். என்ட நம்பர ஆரு புள்ள அதில போட்ட?”

“எனக்கும் தெரியாது ராத்தா. நான் ஒரு டீச்சர், சும்மா விசாரிக்கத்தான்...”

“டீச்சரா? அப்ப நீயே சமாளி!”

அதன்பிறகு தயிர் கேட்டவர்களுக்கெல்லாம் ஸகியா உசாந்தியின் இலக்கத்தைக் கொடுத்தாள். பாடம் நடக்கும்போதே அழைப்பு வந்தது. “டீச்சர், மகள் பெரிசாகின சாமத்திய வீட்டுக்கு நாப்பது சட்டி வேணும். ஆடை தடிப்பா இரிக்கணும்.” அதிபர் ஒருமுறை காதில் வாங்கிவிட்டு, “சைட்ல தயிர் வியாபாரமா டீச்சர்?” என்று கேட்டார்.

வந்த கோபத்தில் உசாந்தி செய்த வேலையைத்தான் பிறகு நினைத்து நினைத்து வெந்தாள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அந்தப் பக்கத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து, சிவப்பு வட்டத்தோடு ஒரு தட்டியில் ஒட்டி, ‘நம்பக் கூடாத இணையத்தளம்’ என்று தலைப்பும் போட்டாள். பெயரை மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கண்காட்சியன்று, மடிப்புக் கலையாத சேர்ட்டோடு ஒருவர் வந்தார். கையில் ஒரு தயிர்ச் சட்டி. தட்டியின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார்.

“அப்ப இந்த ஆள் கள்ளனா டீச்சர்?”

“முழுக் கள்ளன்,” என்று உசாந்தி பிரம்பை எடுத்தாள். “இந்த எருமையப் பாருங்க. இது இலங்கையிலயே இல்ல.”

“ஓம், நம்மட எருமை மாதிரித் தெரியல்லத்தான். இந்தச் சுனாமி வரி?”

“அதுதான் பெரிய பொய். செத்தவங்களச் சொல்லித் தயிர் விக்கிறான். ஒரு சாட்சி காட்டட்டும் பாப்பம்!”

மனிதர் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த நேரம் ஆர் ஆருட முகத்தப் பாத்தது டீச்சர்,” என்றார். பிறகு சட்டியை மேசையில் வைத்து, “பிள்ளைகளுக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பின்னேரம் தங்கராசா பல்லெல்லாம் தெரிய வந்தார். “மாப்பிள்ளை கண்காட்சிக்கு வந்தவராமே! பேசினீங்களா மகள்?”

பேசினாளா? ஐயோ, பிரம்பை வைத்துக்கொண்டல்லவா பேசினாள்! உசாந்திக்குக் காதெல்லாம் சுட்டது. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த நிமிடமே நினைத்தாள். ஆனால் என்ன முகத்தோடு போவது? வெட்கத்தில் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தாள். கடைசியில் தங்கராசாவைத் தூது அனுப்பினால், அவர் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

“ஆயித்தியமலையில அவருக்கு வேற பொம்புளை பேசி முடிச்சிட்டாங்க மகள். மனிசன் ஒண்டும் கோவிக்கல்ல. ‘டீச்சர் படிச்ச ஆள், சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்’ எண்டார்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. உசாந்தி குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த நாள் தட்டியைக் கழற்றும்போது, மனதைத் தேற்ற ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆள் நல்லவராகவே இருக்கட்டும், பக்கம் பொய்தானே! அந்த மட்டில் தான் தப்பியது நல்லதுதானே!

“என்ன இரிந்தாலும் ஒரு மனிசன் இவ்வளவு பொய் எழுதலாமா, ஆர்த்திகா?” என்று உதவிக்கு நின்றவளிடம் கேட்டாள். ஓம் என்று ஒரு சொல் கேட்டால் போதும்போல இருந்தது.

ஆர்த்திகா கழற்றிய தாளைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு அந்தத் தயிர்க்காரர் கேட்டவர் டீச்சர். தயிரும் பாணியும் தந்து, பக்கத்தச் செய்யச் சொன்னது எங்களிட்டத்தான். எருமை, லண்டன், மிஸிஸ் ரொபேட், பிழையான நம்பர் எல்லாம் நாங்க போட்டது. அவர் வாயால சொல்லித் தந்தது ஒரே ஒரு வரிதான் டீச்சர், நீங்க வட்டம் போட்ட வரி.”