நாகதாளி துடைத்த துவாய்

கவலைப்படுகிறவர்களிடம் ஒரு பெரிய குறை உண்டு. நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டு முடித்துவிட்டு, நடக்கப்போகிற ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் கவலையால்தான். (ஆறாம் வகுப்பில் பெயில் விட்டால் என்ன செய்வது? போகாமல் விட்டால் பெயிலே இல்லை. அந்த வயதில் இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.)

எங்கள் வீடு தீவில், ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில். ஐயா காலமான பிறகு அம்மா, ஞானம் அக்கா, கடல்தொழில் செய்யும் நான், அவ்வளவுதான் குடும்பம். எனக்குப் பேசிய சம்பந்தங்கள் இரண்டு குழம்பிப்போயிருந்தன. மூன்றாவது முருங்கன் பக்கத்திலிருந்து வந்தது. பெண்ணின் பெயர் பிலோமினா. மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய்க் கொட்டில் போட்டிருந்தபோது பக்கத்துக் கொட்டிலில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள். என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் பேசினாள். "உங்கட வாளி பொத்தல், தண்ணியெல்லாம் போகுது." அதற்குப் பிறகு நான் வேறு பெண்ணை நினைக்கவில்லை.

அவளுடைய தகப்பன் சவிரிமுத்தர் வயற்காரர், எங்களைப் போல வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, மனைவி திரேசம்மாவோடு மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிடித்தால் அன்றைக்கே நாள் பேசுவார்கள். பிடிக்காவிட்டால் "யோசிச்சுச் சொல்லுறம்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் யோசிச்சுச் சொல்லுறம் என்றவர்கள் ஒருவரும் இதுவரை யோசித்ததும் இல்லை, சொன்னதும் இல்லை.

நான் கவலைப்படத் தொடங்கினேன். கதிரைக் கால் முறியுமோ, ஆடு உள்ளே வருமோ, வீடு கருவாடு மணக்குமோ. அப்போதுதான் மடுவில் சவிரிமுத்தர் அம்மாவுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாகதாளிக் கள்ளிப் பழம் தின்ற ருசி இன்னும் நாக்கில் கிடக்கிறதாம், வயல் வெட்டிய பிறகு அவர்கள் பக்கத்தில் பற்றையே இல்லையாம். மற்ற வீடுகளில் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். நான் நாகதாளிச் சர்பத் கொடுப்பதென்று தீர்மானித்தேன். கூப்பனுக்குக் கிடைத்த சீனியில் ஒரு சுண்டு மிச்சமிருந்தது.

எங்கள் தீவில் அந்தப் பழத்தை எல்லோரும் ஒரே மாதிரித்தான் தின்போம். தடியால் தட்டி விழுத்தி, செருப்புக் காலால் மணலில் நன்றாக உருட்டித் தேய்த்து, பிளந்து, நடுவில் நட்சத்திரம் போல இருக்கும் முள்ளை எடுத்து எறிந்துவிட்டுச் சூப்ப வேண்டும். ஏன் உருட்டுகிறோம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தோலில் கண்ணுக்குத் தெரியாத சுணை கொத்துக் கொத்தாக இருக்கிறது, அது மணலில் உதிர வேண்டும் என்பதற்காகத்தான். இது இப்போது எனக்கு உடம்பு முழுவதும் தெரியும்.

சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கிற பழத்தைக் காலால் உருட்டுவதா? என் கவலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஞாயிறு காலையில், வேலியோரப் பற்றையில், பெரிய முள்ளுக்குத் தப்பிக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தேன். கடகத்தில் போடலாம் என்றால் அது மீன் மணந்தது. ஆகவே அன்றைக்கென்று உடுத்திருந்த புதுச் சாரத்தை மடித்துப் பிடித்து, பழம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

"நெருப்பில வாட்டிப்போட்டு உரியடா" என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள். வாட்டினால் புகை மணக்குமே, வீடு துப்பரவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குப் பயம். வாளித் தண்ணீரில் கழுவினேன். விருந்தாளிகளுக்கென்று வாங்கிய வெள்ளைத் துவாயால், குழந்தையைக் குளிக்கவார்த்துத் துடைப்பது போலத் துடைத்தேன். கழுவினால் சுணை போகாது, இடம்தான் மாறும். உரித்துப் பிசைந்து வடித்துச் சீனி போட்டேன். நிறம் கோயில் பட்டுப் போல இருந்தது. ஈரத் துவாயைக் கொடியில் காயப் போட்டேன்.

வயற்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முந்தி வருகிறவர்கள். சவிரிமுத்தர் வாசலில் நின்று வாளித் தண்ணீரில் முகம் கழுவினார். அம்மா கொடியில் கிடந்த துவாயை எடுத்து இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

எனக்கு அந்த நேரம் விரல் நுனிகளில் ஊசி குத்தத் தொடங்கியிருந்தது. துவாயைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், விளங்கியது. "வேண்டாம்" என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் துவாய் கைமாறிவிட்டது. மனிதர் நெற்றி, கன்னம், காதுக்குப் பின்புறம், கழுத்து, சட்டைக் கொலருக்குள் எட்டிய மட்டும் துடைத்தார். மனைவியிடம் நீட்டினார். அவ, மாதா காப்பாற்றினா, தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டா.

உள்ளே வந்து இருந்தார்கள். நான் நின்றேன்.

"தம்பி, இருங்கோவன்."

"இல்லை ஐயா, நிக்கிறன்."

"எங்களுக்கு முன்னால நிக்கத் தேவையில்லை. இருங்கோ."

இருந்தேன். மடியில் இருந்த சுணையெல்லாம் சாரத்தின் வழியாகத் தங்கள் தொழிலைத் தொடங்கின. எழும்பினேன். மீண்டும் இருந்தேன். ஒரு பக்கமாகச் சரிந்து பார்த்தேன். திரேசம்மா அம்மாவின் காதுக்குள், ஆனால் வீடு முழுவதும் கேட்கக் கேட்டா: "பொடியனுக்கு இருக்க ஏலாத வருத்தம் ஏதும் இருக்கோ? மறைக்காமச் சொல்லுங்கோ."

சர்பத் வந்தது. சவிரிமுத்தர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இன்னொரு கிளாஸ் கேட்டார். பிலோமினா எனக்குத்தான் என்று நான் நம்பியது அந்த ஒரு கிளாஸ் முடியும்வரை மட்டுமே. பிறகு அவர் கழுத்தைச் சொறிந்தார். காதைச் சொறிந்தார். கன்னத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு எழும்பியது. மெதுவாகக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இந்த வீட்டில ஆருக்கும் கொப்புளிப்பான் வந்ததோ?"

நாங்கள் நோயை மறைத்துச் சம்பந்தம் பேசுகிறோம் என்று நினைத்துவிட்டார். இனியும் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்தது. பேசினாலும் முடிந்ததுதான்.

"அது வருத்தமில்லை ஐயா, நாகதாளிச் சுணை. அந்தத் துவாயாலதான் பழத்தைத் துடைச்சனான்."

அக்கா மட்டும் கேட்டாள்: "எல்லாப் பழத்தையுமோ?"

"ஒண்டு விடாம."

பிறகு நடந்ததை அக்காதான் நடத்தினாள். மடுவில் வாங்கி வைத்திருந்த நேர்த்தி மெழுகுதிரிகளைக் கொளுத்தி, மனிதரைப் பாயில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, ஆறின மெழுகைக் கழுத்தில் ஊற்றி, இறுகியதும் உரித்தாள். சுணை மெழுகோடு வந்தது. (கொஞ்சம் கழுத்து மயிரும் வந்தது.) நான் திரைக்குப் பின்னால் இன்னொரு மெழுகுதிரியோடு என் தொடைகளைக் கவனித்துக்கொண்டு, வாய்க்குள் சாரத் தலைப்பைக் கடித்தபடி முனகிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லூர்து அக்கா எட்டிப் பார்த்தா. பட்டப்பகலில் மெழுகுதிரி, பாயில் கண்ணை மூடியபடி ஒரு மனிதர், சுற்றிலும் பெண்கள், உள்ளே யாரோ அழுகிற சத்தம். முழங்காலில் விழுந்து சிலுவை அடையாளம் போட்டா.

"எப்ப முடிஞ்சது?"

பாயில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "இன்னும் முடியேல்லை தங்கச்சி. கழுத்துப் பக்கம் கிடக்குது."

போகும்போது திரேசம்மா யோசிச்சுச் சொல்லுறம் என்றா. சவிரிமுத்தர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல, வீங்கிய உதடு வளையவில்லை.

அடுத்த நாள் காலையில், மிஞ்சிய சர்பத்தைக் குடித்திருந்த எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. நாகதாளி நிறையக் குடித்தால் அப்படித்தான் போகும், தீவில் எல்லோருக்கும் தெரியும். முருங்கனில் தெரியுமா? இரண்டு கிளாஸ் குடித்தவருக்கு அந்த விசயத்தைச் சொல்லிவிட மறந்துவிட்டேன். பின்னேரம், முருங்கனுக்கு மீன் கொண்டுபோய் விற்கிற வியாபாரி செய்தி கொண்டுவந்தார். சவிரிமுத்தர் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி வாசல் வாங்கில் குந்தியிருக்கிறாராம், திரேசம்மா செபமாலை சொல்லி அழுகிறாவாம். அதற்குப் பிறகு நான் பிலோமினாவை நினைப்பதை நிறுத்தி, பொலிஸை நினைக்கத் தொடங்கினேன். சாப்பாடு இறங்கவில்லை. கடலுக்குப் போகவில்லை. போய் வள்ளம் கவிழ்ந்தால், வெட்கத்தில் செத்தான் என்று சொல்வார்களே என்ற கவலை வேறு.

பழத்தின் சாயம்தான் என்று டாக்குத்தர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்ட சவிரிமுத்தர், ஒரு கிழமை கழித்து அதே வியாபாரியிடம் சொல்லியனுப்பினார்.

"பொடியனுக்கு வருத்தம் ஒண்டுமில்லை, புத்திதான் குறைவு. எங்கட பிள்ளையிட்ட ரெண்டு பேருக்கும் போதுமான அளவு கிடக்குது."

கலியாணம் நடந்தது. பிலோமினா வந்த முதல் வருசமே நாகதாளியைக் கிடுக்கியில் பிடித்து, நெருப்பில் சுணை பொசுங்கும்வரை திருப்பித் திருப்பி வாட்டி, கத்தியும் முள்ளுக்கரண்டியுமாக உரிக்கப் பழகிக்கொண்டாள். எனக்கு அந்தப் பக்கம் வர அனுமதியில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையில் சொந்தத் துவாய் இருக்கும். வாசலில் முகம் கழுவிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அதை உதறி விரிப்பார்.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முகம் வேர்த்திருந்தது. நான் என் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவர் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மனிதர் மெதுவாகக் கையை உயர்த்தித் தடுத்தார். விரலால் கட்டிலுக்குக் கீழே இருந்த தன் பையைக் காட்டினார்.

பிலோமினா அங்கேயே சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். நான் பையைத் திறந்து, அவருடைய துவாயை எடுத்து, முதலில் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன்.