வகுப்பு முழுக்கத் திருடர்கள்

திருடனைத் தேடச் சொல்லிக் கால் மணி நேரம் ஆயிற்று. புதுப் பெண்ணிடம் மட்டும் ஒருத்தர்கூடக் கேள்வி கேட்கவில்லை. டீச்சர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் இந்தப் பள்ளிக்குத் தற்காலிகமாக வந்தவர். வந்த வேலையும் ஒன்றே ஒன்றுதான்: நாலாம் வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண்ணைப் பேச வைப்பது. பேசிவிட்டால் மறுநாளே அவர் பழைய பள்ளிக்குத் திரும்ப வேண்டும். தலைமையாசிரியை இதை வகுப்பு வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருந்தார். மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்றும் பேசாவிட்டால் பெண்ணை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். இது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதற்காகத்தான் இந்த விளையாட்டே. ஒரு சீட்டில் 'திருடன்', மற்றதெல்லாம் வெறும் சீட்டு. வகுப்பே கூடி, ஒருவரை ஒருவர் விசாரித்து, மணியடிப்பதற்குள் திருடனைக் கண்டுபிடித்தால் எல்லாருக்கும் வெற்றி. டீச்சர் ஒரு சின்னத் தில்லுமுல்லு செய்து, திருடன் சீட்டைப் புதுப் பெண்ணுக்கே கொடுத்திருந்தார். அப்போதாவது அவளிடம் நாலு பேர் பேச மாட்டார்களா என்ற நப்பாசைதான். பிள்ளைகளோ அவள் பெஞ்சை மட்டும் கவனமாகத் தாண்டிப் போனார்கள்.

இதுவரை விசாரிக்காத ஆளை விசாரியுங்கள் என்றார் டீச்சர். உடனே, வகுப்பே 'ஒலிபெருக்கி' என்று கூப்பிடும் பெண் எழுந்தாள்.

"நான்தான் டீச்சர் திருடன்."

அவள் உட்காருவதற்குள் கடைசி பெஞ்சு எழுந்து, தாங்களும்தான் என்றது. ஐந்தே நிமிடத்தில் முப்பத்தொரு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். புதுப் பெண் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

சீட்டைக் காட்டுங்கள் என்று டீச்சர் அதட்டினார். திருடன் சீட்டு ஒலிபெருக்கியிடம் இருந்தது. எப்போது கை மாறியது என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து திருதிருவென்று விழித்தார்கள்.

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னிக்கும் இவ பேசலேன்னா வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா இவ வேணாம்?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"பேசிடுடி. தினம் சாப்பாட்டு நேரத்துல எங்களை வாயே திறக்க விடாம பேசுவியே, அதே மாதிரி பேசு. டீச்சர் போனாப் போகட்டும், நீ போயிடாதே."