இரண்டு நோட்டீசும் இல்லாத ஒரு தம்பியும்

எனக்கு ஒருவருடைய முகத்தைப் பார்த்து 'ஏலாது' என்று சொல்ல வராது. கலியாணமான புதிதில் என் மனைவி சுகந்தி இதை ஏதோ அருமையான குணம்போலச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லித் திரிந்தாள். இப்போது சொல்வதில்லை. அந்தக் குணத்தால்தான் ஒரு தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேருக்கும், ஒரே கோட்டோடு, ஒரே இளிப்போடு, ஊரறிய ஆதரவு கொடுத்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதை மறைக்கப்போய், ஐம்பது வயதில், என் அம்மாவுக்கே தெரியாமல் அவவுக்கு இன்னொரு பிள்ளையையும் உண்டாக்கினேன்.

நாங்கள் இருப்பது சுவிஸில், ஆரா நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போகவேண்டிய ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மண்டபம், ஒரு முதியோர் இல்லம். அந்த முதியோர் இல்லத்தின் குசினியில் நான் சமையல்காரன். எனக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம், எங்கள் கெமைண்டேக்குப் (ஊர்ச்சபை என்று வைத்துக்கொள்ளுங்கள்) புதிய தலைவரைத் தெரிவுசெய்யும் தேர்தல் வந்தது. இலங்கையில் வாக்குப்போடும் வயது வருமுன்னமே நான் வெளிக்கிட்டு வந்துவிட்டேன். ஆகவே, அதுவரை உலகத்தில் எந்தத் தலைவரையும் நான் தெரிவுசெய்ததில்லை. (எங்கள் வீட்டுத் தலைவியும் நான் தெரிவுசெய்து வந்தவர் அல்ல. தானாகப் பதவியேற்றவர்.)

போட்டி இரண்டு பேருக்கிடையில். ஒருவர் மார்க்குஸ். வழக்கறிஞர், என் கட்சி. என் கட்சி என்று சொல்வதால் நான் ஏதோ கொள்கை விளக்கமெல்லாம் படித்துச் சேர்ந்தேன் என்று நினைக்கவேண்டாம். றூத் அந்தக் கட்சியில் இருந்தார், அதனால் நானும் இருந்தேன்.

றூத் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பி அனுப்பப் பார்த்த காலத்தில், எனக்காகப் பதினொரு கடிதம் எழுதியவர். அந்தக் கடிதங்களின் பிரதிகள் இன்னும் எங்கள் அலுமாரியில், கலியாணச் சேலைக்குக் கீழே இருக்கின்றன. எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, படிப்பித்தவரும் அவர்தான். எங்கள் கலியாணத்துக்குச் சேலை உடுத்தி வந்து, அது இடுப்பில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடிக்க, நாலு பெண்கள் பின்னேரம்வரை அவரைச் சுற்றிக் காவல் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத் தேத்தண்ணி அவருக்கு எங்கள் வீட்டில்தான். சாளரத்தோரக் கதிரை அவருடையது, வேறு யாரும் அதில் இருப்பதில்லை.

மற்ற வேட்பாளர் வெறேனா. மாட்டுப்பண்ணைக்காரி. அவருடைய கட்சியின் பெயரைச் சொன்னாலே றூத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். எனக்கும் வெறேனாவோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. என் குடியுரிமை நேர்முகத்தில், கெமைண்டேயின் விசாரணைக் குழுவில் இருந்து, எங்கள் ஊருக்குள்ளால் ஓடும் மூன்று ஓடைகளின் பெயரைக் கேட்டவர் அவர். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடம் இங்கே குடியிருக்கிறீர்கள், ஆனால் நடந்து பார்க்கவில்லை, நடந்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார். மழையில் குடையோடு ஓடை ஓடையாக அலைந்தேன். கோதாரியில் போன ஓடைகள் மூன்றும் எனக்கு ஒரேமாதிரித்தான் தெரிந்தன. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அந்த மனுசியைத் திட்டித்தான் சோறு இறங்கியது.

ஆனால் பாருங்கள், எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இடம் கிடைக்காமல் நாங்கள் அந்தரப்பட்டபோது, மண்டபப் பொறுப்பாளர் சனிக்கிழமை தன்னால் வரமுடியாது என்று கைவிரித்தபோது, கதவுத் திறப்பை நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னதும் அதே வெறேனாதான். மூன்று வருடம். சனிக்கிழமை எட்டரைக்கு, பால் கறந்த கையோடு, சப்பாத்தில் சாணியோடு வந்து, கதவைத் திறந்து, சூடாக்கியைப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் பிந்தியதில்லை. மார்க்குஸ் தமிழ் வகுப்பைப் பற்றி மிக அழகாகப் பேசுவார். அது எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர்த் தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. ஆதரவாளர்களின் படங்களைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'நான் இவருக்கு வாக்களிக்கிறேன், ஏனென்றால்' என்று ஒரு வசனம் எழுதி நோட்டீஸ் அடிப்பார்கள். ஒரு ஞாயிறு றூத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, மார்க்குசின் நோட்டீசுக்கு என் படம் வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் நான் ஓம் சொல்லிவிட்டேன். பதினொரு கடிதம் எழுதிய கைக்கு ஒரு படம் கொடுக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நான் கோட்டுப் போட்டு நின்ற படம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. சூரிச்சில் நடந்த ஒரு கலியாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மச்சானை வெட்டி எறிந்தோம். அவருடைய நாலு விரல் மட்டும் என் தோளில் தங்கிவிட்டது. வசனத்தை மகள் அபி பிழைதிருத்தித் தந்தாள். அவள் அப்போது உயர்தரப் பள்ளி மாணவி. 'ஏனென்றால் இவர் எங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பவர்.' என் வாழ்நாளில் நான் வைத்திருந்த பிழையில்லாத டொச் வசனம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரச் சனிக்கிழமை வெறேனா கதவைத் திறந்துவிட்டு, போகாமல் நின்றார். நீங்கள் வேறு கட்சி என்று தெரியும், ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்லலாம், நான் கோபிக்கமாட்டேன் என்று தொடங்கி, தன் நோட்டீசுக்கு ஒரு படம் கேட்டார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. ஓம் என்றேன். முதல் ஓம் றூத்துக்காகச் சொன்னது. இது மனதார வந்தது. அன்றைக்கே அதே படத்தையும் (விரல்கள் உட்பட), அதே வசனத்தையும் அனுப்பிவைத்தேன். நல்ல வசனம், ஒரு தரம் மட்டும் பாவித்துவிட்டு எறியலாமா?

எனக்கு என்ன விசரோ என்று நீங்கள் கேட்கலாம். சுகந்தியும் அதைத்தான் கேட்டாள். என் கணக்கு இதுதான்: நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு கட்சியின் நோட்டீஸ் அந்தக் கட்சிக்காரரின் படலையைத்தான் தாண்டும். எதிர்க்கட்சி நோட்டீசைக் கொண்டு ஒருவர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால், சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓடவேண்டிவரும். ஆகவே, மார்க்குசின் நோட்டீஸ் மார்க்குசின் ஆட்களுக்கும், வெறேனாவின் நோட்டீஸ் மாட்டுப்பண்ணைப் பக்கமும் போகும், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சுவிஸில் தபால்காரர் எல்லா வீட்டுப் பெட்டிக்குள்ளும் எல்லா நோட்டீசையும் போடுவார் என்பது இத்தனை வருடம் என் சொந்தப் பெட்டியைத் திறந்த எனக்குத் தோன்றவில்லை. ஒரு புதன்கிழமை காலை, இரண்டும் ஒன்றாகவே வந்தன.

அபி இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, வசனத்தையாவது மாத்தியிருக்கலாம்," என்றாள்.

வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் என் தோளைப் பார்ப்பதுபோல இருந்தது. முதியோர் இல்லத்தில் லூத்தி அம்மா எனக்காகக் காத்திருந்தார். தொண்ணூறு தாண்டியவர், நான் போடும் சூப்புக்கு மட்டும் எழுந்து வருபவர். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறுகையில் இரண்டு நோட்டீஸ். இது நீங்கள், சரி, அப்படியென்றால் இது யார் என்று கேட்டார். அவர் முகத்தில் குற்றம் பிடிக்கும் பார்வை ஒன்றும் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னேன்: "அது என் தம்பி."

லூத்தி அம்மாவுக்குச் சரியான சந்தோசம். இரட்டைப்பிள்ளைகளோ என்றார். ஓம் என்றேன். (வேறு என்ன சொல்வேன்?)

பகல் சாப்பாட்டுக்குள் தம்பியின் கதை இல்லம் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவருக்குத் தம்பி எங்கே வேலை செய்கிறான் என்று தெரியவேண்டும், இன்னொருவர் கலியாணம் கட்டிவிட்டானா என்று கேட்டார். பின்னேரம் வீட்டுக்குப் போகையில் தம்பி லோசான் நகரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான், இரண்டு பிள்ளைகளும் பிறந்திருந்தன.

அடுத்த நாள் வியாழன், மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் மக்கள் முன்னால் பேசும் கூட்டம். கூட்டம் முடிய விருந்தோம்பலுக்கு இருநூறு றோல்ஸ் செய்துதருகிறேன் என்று எப்போதோ ஓம் சொல்லியிருந்தேன். ஆகையால் காய்ச்சல் என்று படுக்கவும் வழியில்லை. றோல்ஸ் தட்டோடு மூலையில் ஒதுங்கி நின்றேன். றூத் வந்தார். நோட்டீசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு றோல்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நானாகச் சொல்லட்டும் என்று பக்கத்தில் நின்றார். நான் றோல்ஸ் சூடாக இருக்கிறது, கவனம் என்றேன். அதுவும் பொய். ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் லூத்தி அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வந்தார். காது கேட்காதவர்களுக்கு இருக்கும் குரலில், உங்கள் தம்பி லோசானிலிருந்து வரவில்லையோ என்று கேட்டார். பக்கத்தில் வெறேனா நின்றார். அவருடைய முகம் சுருங்கியது.

"எந்தத் தம்பி? உங்கள் குடியுரிமைக் கோப்பை நான் மூன்று தரம் வாசித்தேன். வவுனியாவில் ஒரு அக்கா இருக்கிறார். தம்பி என்று ஒருவரும் இல்லையே."

அவர் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. குடியுரிமைக் கோப்பில் கூடப்பிறந்தவனை மறைத்திருந்தால் அது சின்ன விசயம் இல்லை, எனக்காகப் பயந்துதான் கேட்டார். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இல்லாத தம்பியைத் தேடிக்கொண்டு நிற்பதாக மனதில் ஒரு படம் ஓடியது. சுற்றி நின்ற இருபது பேரும் என்னையே பார்த்தார்கள்.

தம்பி இல்லை என்றேன். இரண்டும் நான்தான் என்றேன். அபி பிழைதிருத்தாத டொச்சில், வாயில் வந்தபடி வந்தது. றூத் கேட்டபோது ஏலாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவர் எனக்குச் செய்ததற்கு நான் சாகும்வரை ஓம் தான் சொல்லவேண்டும் என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியாது, அதையும் சொன்னேன்: "ஆனால் வாக்கு வெறேனாவுக்குத்தான் போடுவேன். அவர் வந்து கதவைத் திறந்துவிடுகிறவர்."

ஐம்பது வருடத்தில் ஒருவரின் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் 'ஏலாது' அது. அதைப் போயும் போயும் றூத்துக்கா சொல்லவேண்டும்? றூத் கையிலிருந்த றோல்ஸைக் கடிக்காமல் தட்டில் திருப்பி வைத்தார். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு அவர் தேத்தண்ணிக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் சாளரத்தோரக் கதிரையைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்தோம்.

"போய்க் கதைச்சிட்டு வாங்கோவன்," என்றாள் சுகந்தி.

"போனால் திரும்பவும் அவவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

அது உண்மை. இரண்டு தரம் அவருடைய வாசல்வரை போய், மணியை அடிக்காமல் திரும்பி வந்தேன். தபாலில் வீட்டுக்கே வந்த வாக்குச்சீட்டும், அதோடு வந்த அட்டையும் மேசையில் கிடந்தன. மார்க்குசின் பெயரை எழுதிவிட்டால் றூத் வருவார் என்று ஒரு நினைப்பும் ஓடாமல் இல்லை. கடைசியில் வெறேனாவின் பெயரை எழுதி, உறையை ஒட்டி, மனம் மாறுமுன் ஓடிப்போய் கெமைண்டேப் பெட்டிக்குள் போட்டேன். வரும் வழியில் அழுகை வந்தது. ஒரு வாக்குப் போட்டதற்கு அழுத முதல் ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

தேர்தல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. றூத் நின்றார். அவர் வாக்கு எண்ணும் குழுவில் இருப்பவர், அங்கிருந்து நேரே வந்திருந்தார். உள்ளே வந்து தன் கதிரையில் இருந்தார். சுகந்தி தேத்தண்ணி வைத்தாள். வெறேனா வென்றுவிட்டார் என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் குடித்தார்.

"நான் பதினொரு கடிதம் எழுதியது, நீங்கள் இங்கே இருந்து ஒருநாள் வாக்குப்போடவேண்டும் என்று," என்றார். "யாருக்குப் போடவேண்டும் என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. இதைச் சொல்ல எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. அதுதான் எனக்கு வெட்கம்."

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். றூத் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னொன்று. தபால் வாக்கோடு வரும் அட்டையில் கையெழுத்து வைக்காவிட்டால் அந்த வாக்குச் செல்லாது, தெரியும்தானே? இன்றைக்கு அப்படி ஒரு அட்டை வந்தது. உறையைத் திறக்காமலே ஒதுக்கிவிட்டோம்."

அபி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சுகந்தியும் திரும்பினாள். நான் அந்த மேசையை, அந்த அட்டையை, பெட்டிக்கு ஓடிய என் அவசரத்தை நினைத்துப் பார்த்தேன். உறைக்குப் பசை தேடப் போகும்போது பேனையைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்ததாக ஞாபகம் இல்லை.

"ஆருடைய அட்டை?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லச் சட்டம் விடாது," என்றார் றூத். பிறகு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், தனக்குத் தெரிந்த ஒருசில தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தேடி எடுத்துத் தன் டொச்சுக்குள் போட்டார். "உங்கள் தம்பியுடையதாக இருக்கும்."

முதலில் சிரித்தது சுகந்திதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி மூன்று தரம் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நான் யாருக்காவது வாய் தவறி ஓம் சொல்லிவிட்டால், இது நீங்கள் சொன்னதோ தம்பி சொன்னதோ என்று சுகந்தி கேட்பாள். லூத்தி அம்மா மட்டும் நான் விளக்கியதை நம்பவில்லை, இன்றைக்கும் லோசானில் என்ன புதினம் என்று விசாரிக்கிறார். இந்த நாட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு வாக்கெடுப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் றூத்திடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வரும். யாருக்கு, எதற்கு என்று ஒருநாளும் அதில் இருப்பதில்லை. 'கையெழுத்து வையுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள்.'