நிலைப்புச் சுமை

புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் ஷேர் ஆட்டோக்கள் கவிழக்கூடியவை என்பது எங்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அரசுக்குத் தெரியவந்தது சென்ற ஆடி மாதத்தில். அதிகாரி ஒருவரின் மைத்துனர் ஏறிவந்த ஆட்டோ வெள்ளாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் சாய்ந்து, அவருடைய புதுக் கைப்பேசி உடைந்தது. மனித உயிரின் மதிப்பைக் கருத்தில்கொண்டு, கடலூரில் மாவட்ட மூவுருளி வாகன நிலைப்பு மேம்பாட்டுக் குழு உடனே அமைக்கப்பட்டது.

குழுவுக்கு ராமாமிர்தம் தலைவர். அதற்குமுன் கொசு ஒழிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொசு குறையவில்லை என்றாலும் கொசுவைப் பற்றிய கூட்டங்கள் குறித்த நேரத்தில் நடந்தன என்ற நல்ல பெயர் அவருக்கு உண்டு.

சாய்ந்த ஆட்டோ தேவசகாயத்துடையது. எங்களில் பலர் தினமும் போய்வருவது அதில்தான். குழு முடிவு சொல்லும்வரை அந்த வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடையாது, சாலைக்கு வரக்கூடாது என்றார்கள். ஆட்டோ ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. எனவே குழு கூப்பிட்டபோதெல்லாம் கடலூருக்கு பஸ் ஏறினார்.

முதல் கூட்டத்துக்கு ஸ்ரீதர் என்ற ஆலோசகர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வடிவமைப்புச் சிந்தனையில் பயிற்சி பெற்றவர். எல்லோருக்கும் ஒட்டும் வண்ணத் தாள்களைக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார்.

"பிரச்சினைய வெளியில இருந்து பாக்கக் கூடாது. நீங்களே ஒரு ஆட்டோன்னு நினைச்சுக்குங்க."

குழு ஆட்டோவானது.

"தலைவர் சார், என்ன தெரியுது?"

"லேசா ஒரு பக்கமா சாயிற மாதிரி இருக்கு."

"அருமை. அத மஞ்சள் தாள்ல எழுதுங்க."

கதவோரம் நின்ற தேவசகாயம், தானும் கண்ணை மூட வேண்டுமா என்று பியூனிடம் கேட்டார். "நீ மூடாத. ஒனக்குத் தாள் இல்ல" என்றார் பியூன்.

நான்காவதாக ஒரு சக்கரம் வைத்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நான்கு சக்கரம் வந்தால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விடும் என்று சுட்டிக்காட்டப்பட்டதும் அவர் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து மைதானத்தில் சோதனை. பர்மிட்படி மூன்று பயணிகள் ஏறினார்கள். தேவசகாயம் வண்டியைக் கிளப்பி, திரும்பினார். ஒரு சக்கரம் மேலே எழும்பியது. குழு அலறியது.

"என்னய்யா இப்படி ஓட்டற?"

"மூணு பேர வச்சு ஓட்டிப் பழக்கமில்ல சார். வண்டி காலியா இருக்கவும் கைக்கு அடங்கல. இன்னும் ஒரு ஆறு பேரு ஏறினா ஒக்காந்துக்கும்."

குழுவினரும் வேடிக்கை பார்த்தவர்களுமாக மொத்தம் ஒன்பது பேர் ஆனார்கள். ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் பாதி உடம்பை வெளியே விட்டுத் தொற்றிக்கொண்டார்கள். வண்டி முனகியது, புகைந்தது, பிறகு நகர்ந்தது. பியூன் பக்கத்திலேயே நடந்து உள்ளே இருந்தவர்களுக்கு டீ கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எந்தத் திருப்பத்திலும் வண்டி சாயவில்லை. வேகத்தைப் பற்றி அறிக்கையில் தனிப் பத்தி இல்லை. யாரும் அதைச் சோதிக்கச் சொல்லவில்லை.

எடை கூடினால் நிலைப்பு கூடும் என்று குழு கண்டறிந்தது. ஆனால் பர்மிட் மூன்று பேருக்குத்தான். மீதி ஆறு பேரின் எடையை மணல் மூட்டைகளாக ஏற்றிச் செல்வது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு நிலைப்புச் சுமை என்று பெயர்.

"அந்த ஆறு பேரையே ஏத்திக்கிறனே சார்? எப்பவும் ஏத்துறதுதான்."

"அது சட்ட விரோதம்" என்றார் ராமாமிர்தம்.

"மணல ஏத்தினா?"

"அது பாதுகாப்பு."

எஃப்.சி. கிடைத்தது. தேவசகாயம் புது மாலை போட்டு வண்டியை வெளியே எடுத்தார். மூன்று பயணிகள், ஆறு மூட்டைகள். மூட்டைகளுக்குப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும் என்றும் விதி இருந்தது. பயணிகளுக்கு அப்படி விதி இல்லை. அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் நாளே பாலத்தின் இந்தப் பக்கம் போலீஸ் மறித்தது.

"ஆத்து மணலா?"

"பாதுகாப்பு சார்."

"யாருக்கு?"

"வண்டிக்கு சார். கவுர்மெண்டே ஏத்தச் சொல்லுச்சு."

"ராத்திரியெல்லாம் லாரி லாரியா அள்றவன்கூட இப்படி ஒரு காரணம் சொன்னதில்லடா" என்று சொல்லி, மணலை ஆற்றிலேயே கொட்டவைத்து அனுப்பினார்கள். சாக்குகளை மட்டும் அவரே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள்.

பாலத்தின் அந்தப் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளர் அருள்முருகன் நின்றார்.

"எங்கய்யா நிலைப்புச் சுமை?"

"அந்தாண்ட போலீஸு கொட்டிட்டாங்க சார்."

"அது அவுங்க வேல. இது எங்க வேல. நாளைக்கும் மூட்டை இல்லன்னா எஃப்.சி. கேன்சல்."

ஆக, மூட்டையோடு பாலத்தில் ஏற முடியாது. மூட்டை இல்லாமல் பாலத்தை விட்டு இறங்க முடியாது. இரண்டு துறைகளும் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தன.

இதற்கிடையில் எங்கள் நிலைமை. ஒன்பது பேர் போன வண்டியில் மூன்று பேர் போனால் மீதிப் பேர் புவனகிரியில் நிற்க வேண்டியதுதான். பஸ் வரும். வரும்போதே படிக்கட்டு தெரியாது. பொன்னி என்ற பெண் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். தாமதமாகப் போனால் அன்று முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டும். மறுநாள் காலை, தேவசகாயம் வெறும் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்ணே, ஒரு ஆளு எடைக்குத்தான மணலு?"

"ஆமாம்மா."

"அப்போ மணலு எடைக்கு நான் இருக்கேன்ல?"

ஒரு சாக்கைப் பிடுங்கித் தலைவழியாக மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆளுக்கொரு சாக்குக்கு அடித்துக்கொண்டோம்.

போலீஸ்காரர் குத்திப் பார்த்தார். மணல் இல்லை. போகச் சொன்னார். அந்தப் பக்கம் அருள்முருகன் குச்சியால் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டி எண்ணினார். நான்காவது மூட்டை தும்மியது.

"என்னய்யா, மூட்டை தும்முது?"

"மழைல நனைஞ்சது சார்."

அருள்முருகன் யோசித்தார். அவருடைய பகுதியில் அதுவரை ஒரு வண்டிகூட விதிப்படி ஓடவில்லை. அதற்காக மேலிடத்தில் கேள்வி கேட்டிருந்தார்கள்.

"துணி போட்டுத் தொடைச்சு ஏத்து. ஆறும் சரியா இருக்கு. போ."

அதன் பிறகு எல்லாம் சீராக நடந்தது. மற்ற ஆட்டோக்காரர்களும் சாக்கு வாங்கினார்கள். சாக்குக்குள் இருந்தால் வெயில் படவில்லை, கடன்காரன் கண்ணில் படவில்லை. சிலர் உள்ளேயே கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூட்டை தானாகச் சிரிக்கும். மூன்று பயணி இடங்களும் காலியாக இருந்தால்கூட, பழக்கத்தில், சாக்கைத் தேடி ஏறினோம். ஸ்ரீதர் திட்டத்தை ஒரு மாநாட்டில் படம் போட்டுக் காட்டினார். குழுத் தலைவருக்குக் கேடயம் கிடைத்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பாலத்து இறக்கத்தில் தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கி, தேவசகாயத்தின் ஆட்டோ கவிழ்ந்தது. பொன்னியின் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்கு முட்டி, நெற்றி, பல். அருள்முருகன் குடையோடு ஓடிவந்தார்.

"ஆளுங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

பயணிகள் மூன்று பேரும் சாலையோரம் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். தேவசகாயம் சேற்றில் உட்கார்ந்தபடி பொன்னியின் கையைப் பார்த்தார்.

"ஒம்போது ஆளு சார். மூட்டை இல்ல, எல்லாம் ஆளுதான். எஃப்.சி. போனா போவட்டும். அந்தப் பொண்ண மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

அருள்முருகன் முகம் வெளுத்தது. அப்போது சாக்குகளுக்குள்ளிருந்து நாங்கள் சத்தம் போட்டோம்.

"அதிர்ச்சியில ஒளர்றாரு சார்! மூணு ஆளுதான்!"

"நாங்க மூட்டைதான் சார்!"

"நாளைக்கு நாங்க எதுல போவுறது?"

அருள்முருகன் நிம்மதியாக மூச்சு விட்டார். "மூட்டைங்களே சொல்லுது. நீ எதுக்குய்யா இல்லங்கற?"

பயணிகள் மூவரும் நலம், உயிர்ச்சேதம் இல்லை, காயம் இல்லை, சுமைக்குச் சிறு சேதம் என்று அறிக்கை போனது. பொன்னியை அதே வண்டியை நிமிர்த்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பேரைக் கேட்டார்கள், சொன்னாள். எப்படி அடிபட்டது என்றார்கள். "விழுந்துட்டேன்" என்றாள். தேவசகாயத்தின் எஃப்.சி. பிழைத்தது.

ஆனால் அந்த விபத்தில் வேறொன்று நடந்துவிட்டது. வண்டி கவிழ்ந்தபோது சில சாக்குகள் கழன்றன. இத்தனை நாளும் யார் தோளில் யார் சாய்ந்து தூங்கினோம், யார் மடியில் யார் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பு முகம் பார்த்து இடம் பிடிப்போம். வாய்விட்டு யாரும் எதுவும் சொன்னதில்லை, தானாக அமைந்துவிடும். சாக்கு அதைக் கெடுத்துவிட்டது.

அன்று மாலையே கூடினோம். எங்களுக்குள் எத்தனையோ கட்சிகள் உண்டு. பள்ளத்தை மூடச் சொல்லி ஒருமுறைகூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. இதற்குச் சேர்ந்து போனோம். ஒவ்வொரு சாக்கிலும் தெருவின் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று ராமாமிர்தத்திடம் கேட்டுக்கொண்டோம்.

"சாக்கு உறுத்துதுன்னு வந்திருக்கீங்கன்னு நெனைச்சேன்" என்றார் அவர்.

"அதெல்லாம் பழகிடுச்சு சார்."

கட்டுப்போட்ட கையோடு பொன்னியும் வந்திருந்தாள். "என் சாக்குல தெருப் பேரு வேணாம் சார். என் பேர வேணா போட்டுக்குங்க" என்றாள். சுமைக்குப் பெயரிட விதிகளில் இடமில்லை என்று அவளுக்கு விளக்கப்பட்டது.

மக்கள் பங்கேற்புடன் உருவான முதல் திருத்தம் இது என்று ஸ்ரீதர் பச்சைத் தாளில் எழுதினார். கொசு ஒழிப்பில்கூடக் கிடைக்காத ஆதரவு இது என்று தலைவர் நெகிழ்ந்தார். விரைவில் சாக்குகள் வந்தன. நல்ல அச்சு, தூரத்திலிருந்தே படிக்கலாம். ஓட்டுநரும் வண்டியின் எடையில் அடக்கம் என்பதால், சீர்மை கருதி, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அவர் தெருவின் பெயர் முதுகில் அச்சிட்ட காக்கிச் சட்டை ஒன்று இலவசமாக வழங்கப்பட்டது.

தேவசகாயம் எந்தத் தெரு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அச்சில் படித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து போவது வேறு.

அடுத்த நாள் காலை அவரவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புவனகிரியில் நின்றோம். தேவசகாயம் வண்டியைத் துடைத்து, புதுச் சட்டையோடு வந்து, "ஏறுங்க, நேரமாவுது" என்றார். அடுத்த வண்டியில் வருகிறோம் என்றோம். பொன்னி மட்டும் ஏறினாள், சாக்கு இல்லாமல், பயணி இடத்தில்.  அவர் வண்டியைக் கிளப்பினார்.

பாலத்தைத் தாண்டியதும் அருள்முருகன் வண்டியை நிறுத்தி, நிலைப்புச் சுமை இல்லாத குற்றத்துக்காகப் பறிமுதல் செய்ததை, அடுத்த வண்டியில் போகும்போது, நாங்கள் சாக்கு வழியாகப் பார்த்தோம்.